உட்கார்ந்து படித்தவர்

(ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

1936 ஜூலையில் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் ஜான் டேட், அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' ஆய்விதழின் ஆசிரியர். ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் நேதன் ரோசனும் சில வாரங்களுக்கு முன் அந்த இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். ஈர்ப்பு விசை அலையாகப் பரவுமா, அதாவது ஈர்ப்பலைகள் உண்டா என்பது கட்டுரையின் கேள்வி. இல்லை என்பது அவர்கள் கண்ட விடை. 1916இல் அந்த அலைகள் உண்டென்று சொன்னவரே ஐன்ஸ்டைன்தான். இருபது வருடம் கழித்து, தம் சமன்பாடுகள் அவற்றுக்கு இடம் தரவில்லை என்று நம்பினார். டேட் அதை நேரே அச்சுக்கு அனுப்பவில்லை. துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் பத்துப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தந்தார். எழுதியவர் யார் என்று சொல்லாமல் அந்தக் குறிப்பை இணைத்து, இதற்கு உங்கள் பதில் என்ன என்று டேட் கேட்டிருந்தார்.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அச்சிடுவதற்காக அனுப்பிய கட்டுரையை அச்சாகும் முன் யாரிடமும் காட்ட உமக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. பெயர் தெரியாத அந்த நிபுணரின் பிழையான கருத்துகளுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. கட்டுரையை வேறிடத்தில் வெளியிட்டுக்கொள்கிறேன்" என்ற பொருளில் பதில் எழுதினார். அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் வளர்ந்த ஜெர்மன் வழக்கம் வேறு. அங்கே இதழாசிரியர் தாமே படித்து முடிவு செய்வார்; பேர் பெற்றவர்களின் கட்டுரை பெரும்பாலும் அப்படியே அச்சேறும். அதற்கு முந்தைய ஆண்டு இதே 'பிசிக்கல் ரிவ்யூ' அவருடைய கட்டுரைகளை இப்படிக் கேள்வி கேட்காமல் வெளியிட்டிருந்தது. டேட் அசையவில்லை. மதிப்பாய்வு இல்லாமல் வெளியிட இயலாது என்று பதில் போட்டார். உலகம் அறிந்த ஒரு மனிதருக்கு அப்படி எழுத எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பத்துப் பக்கத்தில் இருந்தது என்ன? ஐன்ஸ்டைனும் ரோசனும் சமதள அலைக்கான சமன்பாட்டை முழுத் துல்லியத்தோடு தீர்க்க முயன்றார்கள். போகிற வழியில் ஓரிடத்தில் கணக்கு முடிவிலியில் போய் முட்டியது. ஆகவே இப்படி ஓர் அலை இருக்க முடியாது என்று முடிவுகட்டினார்கள். மதிப்பாய்வாளர் சொன்னது இது: முட்டுவது உங்கள் ஆய அச்சு முறையின் குறை, அலையின் குறை அல்ல. பூகோள உருண்டையில் தீர்க்கரேகைகள் எல்லாம் வடதுருவத்தில் ஒன்றாகக் குவிகின்றன. அதனால் துருவத்தில் பூமி கிழிந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, கோடு போட்ட விதம் அப்படி. அதே தீர்வை உருளை வடிவ அலைக்கானதாக எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் விடுப்பு முடிந்து பிரின்ஸ்டனுக்குத் திரும்பினார். ரோசன் அதற்குள் சோவியத் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்ட். ராபர்ட்சன் அவரோடு பழகி, பேச்சோடு பேச்சாகக் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்று காட்டினார். இன்ஃபெல்ட் ஓடிப்போய் ஐன்ஸ்டைனிடம் சொன்னார். அவரும் அந்தச் சமயத்தில் தம் பிழையைத் தாமே உணர்ந்திருந்தார். கட்டுரை திருத்தப்பட்டது; முடிவு தலைகீழானது. 1937இல் 'ஜர்னல் ஆஃப் தி ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்' இதழில் 'ஈர்ப்பலைகளைப் பற்றி' என்ற அடக்கமான தலைப்பில் வெளிவந்தது. அந்தப் பத்துப் பக்கத்தை எழுதியவர் ராபர்ட்சன்தான் என்பது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, வரலாற்றாய்வாளர் டேனியல் கென்னஃபிக் இதழின் பழைய பதிவேட்டை வைத்து 2005இல் எழுதியபோதுதான் உறுதியானது. இன்ஃபெல்டிடம்கூட அவர் சொல்லவில்லை.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பலையை நேரடியாகப் பதிவு செய்தன. அந்தச் செய்தி 2016 பிப்ரவரியில் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில், அதாவது டேட் நடத்திய இதழின் குடும்பத்திலேயே, மதிப்பாய்வுக்குப் பிறகு வெளியானது.

இந்தக் கதையை நான் சொல்லக் காரணம், மேதையும் தவறுவார் என்று காட்டுவதற்கு அல்ல. ராபர்ட்சன் செய்த வேலையைப் பாருங்கள். கூலி கிடையாது. பெயர் வராது. எதிரே இருப்பது ஐன்ஸ்டைனின் கையெழுத்து. சரியாகத்தான் இருக்கும் என்று நாலு வரி எழுதி அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உட்கார்ந்தார், கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார், எங்கே தவறு என்று கண்டார், அதோடு நிற்காமல் அந்தக் கணக்கை எப்படிக் காப்பாற்றலாம் என்றும் எழுதினார். ஆய்விதழ் மதிப்பாய்வு என்று நாம் சொல்வதன் உயிர் இதுதான். ஒருவர் இன்னொருவரின் உழைப்பை முழுக் கவனத்தோடு படிப்பது. மற்றதெல்லாம் அந்தப் படிப்பு நடப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஏற்பாட்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்காக. கட்டுரையை இதழின் இணையத்தளத்தில் ஏற்றுகிறோம். இதழாசிரியர் முதலில் பார்க்கிறார்; இதழின் பொருளுக்குப் பொருந்தாதது, அரைகுறையானது அங்கேயே திரும்பிவிடும். தேறியதை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிப் படிக்க முடியுமா என்று கேட்கிறார். பலர் முடியாது என்பார்கள்; பலர் பதிலே போட மாட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களின் அறிக்கை வர வாரங்களாகும், மாதங்களும் ஆகும். பிறகு ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு என்று நான்கில் ஒன்று. திருத்தம் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பதில் எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். அறிவியலில் பெரும்பாலும் எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியும், படித்தவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. சமூகவியல், மானுடவியல் பக்கம் இருவர் பெயரும் மறைக்கப்படுவது வழக்கம். முடிவெடுப்பவர் இதழாசிரியர், மதிப்பாய்வாளர் ஆலோசனைதான் சொல்கிறார். இதை நம் மாணவர்கள் பலர் அறிவதில்லை. இரண்டு அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தால் திகைத்துப் போகிறார்கள். அப்படி மறுப்பது ஆதியிலிருந்தே உண்டு. லண்டன் ராயல் சொசைட்டியில் எழுத்து மூலம் அறிக்கை கேட்கும் வழக்கம் 1830களின் தொடக்கத்தில் வில்லியம் ஹ்யூவெல் யோசனையால் பிறந்தது. ஜார்ஜ் ஏரியின் வானியல் கட்டுரையை ஹ்யூவெலும் ஜான் லப்பக்கும் படித்தார்கள். முதல் கட்டுரையிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்தச் சங்கத்தின் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' 1665இல் தொடங்கியது என்பதால் மதிப்பாய்வும் அன்றே வந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. வெளியாள் படித்தே தீர வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவியது மிகச் சமீபத்தில். டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953இல் 'நேச்சர்' இதழில் வந்தபோது அது வெளி மதிப்பாய்வுக்குப் போகவில்லை. 'நேச்சர்' அதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான்.

கணிதத்துக்கு வருகிறேன். அங்கே இந்தப் படிப்பு தன் முழு உயரத்துக்கு எழுவதைப் பார்க்கலாம். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ வைல்ஸ், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டுவிட்டன. கையெழுத்துப் பிரதி 200 பக்கம். அதை ஆறு பேர் பங்கு போட்டுப் படித்தார்கள். மூன்றாம் அத்தியாயம் நிக் காட்ஸ் பொறுப்பில் வந்தது. அவர் லூக் இல்லூசி என்ற கணிதவியலாளரோடு அந்தக் கோடைகாலம் முழுவதும் வரி வரியாகப் படித்தார். புரியாத இடம் வந்தால் வைல்ஸுக்கு மின்னஞ்சல். உடனே பதில் வரும், மேலே போவார். ஆகஸ்டில் ஒரு கேள்வி கேட்டார். வந்த பதில் போதவில்லை. மறுபடி கேட்டார். அங்கேதான் ஓட்டை இருந்தது. சிறு கேள்வி என்று தொடங்கியது மொத்தக் கட்டடத்தையும் அசைத்துவிட்டது. வைல்ஸ் தம் மாணவராக இருந்த ரிச்சர்ட் டெய்லரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் போராடினார்; 1994 செப்டம்பரில் வழி பிறந்தது; 1995இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' வெளியிட்டது. 350 ஆண்டுகள் நின்ற கேள்வி முடிந்தது.

உலகமே பாராட்டிக்கொண்டிருக்கும்போது, "எனக்கு இந்த வரி புரியவில்லை" என்று ஒருவர் கேட்டார் அல்லவா, அதற்கு நான் தலைவணங்குகிறேன். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்!

மறுப்பும் சில வேளை கொடையாகிறது. 1964இல் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸின் கட்டுரையை 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' ஏற்கவில்லை. அதன் பயன் என்ன என்று விளங்கும்படி அவர் ஒரு பகுதி சேர்த்து, 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். அப்படிச் சேர்த்ததில்தான் ஒரு புதிய துகள் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அந்தத் துகளுக்குத்தான் இன்று அவர் பெயர்.

இனி, மதிப்பாய்வு எதைச் செய்யாது என்று சொல்ல வேண்டும். நம் செய்தித்தாள்களில் 'மதிப்பாய்வு செய்யப்பட்ட ஆய்விதழில் வந்தது' என்று எழுதினால் அது உண்மை என்று பொருள் கொள்கிறோம். அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது. பிரிட்டனின் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் ஃபியோனா காட்லியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள், 1998இல் வெளியானது. வெளிவர இருந்த ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி 420 மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். 221 பேர் அறிக்கை தந்தார்கள். சராசரியாகக் கண்டுபிடித்தது 2. ஐந்துக்கு மேல் கண்டவர் ஒருவரும் இல்லை. இவர்கள் சோம்பேறிகள் அல்ல. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து படித்தவர்கள்.

பேரைப் பார்த்து மயங்குவதும் உண்டு. 1982இல் டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சேசி என்ற இரண்டு உளவியலாளர்கள், ஏற்கெனவே வெளியான 12 கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் யாருமறியாத பெயர்களாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே அனுப்பிப் பார்த்ததை வெளியிட்டார்கள். 3 கட்டுரைகள்தான் பழையவை என்று கண்டுகொள்ளப்பட்டன. மீதி 9இல் 8 தகுதியில்லை என்று திரும்பி வந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் நம் சிற்றூர்க் கல்லூரிகளின் ஆசிரியர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கும் ஊர்ப்பெயர் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் தீர்ப்பை வாங்கி வந்துவிடுகிறது. இருவர் பெயரையும் மறைக்கும் முறையை எல்லாத் துறைகளிலும் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஏமாற்றத் துணிந்தவரை மதிப்பாய்வால் பிடிக்க முடிவதில்லை. கோவிட் காலத்தில், 2020 மே 22 அன்று, 'லான்செட்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு கூடுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையைச் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. தரவுகள் சர்ஜிஸ்பியர் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து வந்தவை. மதிப்பாய்வாளர்கள் மூலத் தரவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கொடுக்கப்படவும் இல்லை. அச்சான பிறகு வெளியே இருந்தவர்கள் படித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அரசு அறிவித்த சாவுகளைவிடக் கட்டுரையில் அதிகம் இருக்கிறதே என்று கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். தரவைக் காட்ட நிறுவனம் மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அச்சுக்கு முன் மூன்று நான்கு பேர் படிப்பதோடு படிப்பு முடிந்துவிடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரி வளாகங்களில் இரண்டு பேர் சந்தித்தால் கேட்டுக்கொள்வது, "பேப்பர் போட்டாச்சா?" என்பது. எதைப் பற்றி என்று கேட்பவர் குறைவு. யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்பவரை நான் பார்த்ததே இல்லை. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை, தேர்வுக்கு எண்ணிக்கை, கல்லூரித் தரவரிசைக்கு எண்ணிக்கை. பிஎச்டி பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் அந்தக் கட்டாயம் வேறு வழியில் தொடர்கிறது. இப்படி எண்ணிக்கைக்குப் பசி எடுத்த இடத்தில் அதற்குத் தீனி போடக் கடைகள் திறப்பார்கள். மூன்றே நாளில் மதிப்பாய்வு, ஏற்பு நிச்சயம், கட்டணம் இவ்வளவு என்று மின்னஞ்சல் வருகிறது. 2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன், பள்ளி மாணவரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் நிறைந்த ஒரு கற்பனைக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பல நம் நாட்டிலிருந்து நடத்தப்பட்டவை. வெட்கப்பட வேண்டிய செய்தி இது. ஆனால் அந்த மின்னஞ்சலுக்குப் பணம் கட்டும் மாணவனை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் உழைத்தவனுடைய எழுத்தை ஒருவரும் உட்கார்ந்து படிக்காமல், எத்தனை என்று மட்டும் கேட்ட நாம் எல்லோரும் அந்தக் கட்டணத்தில் பங்காளிகள்.

இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. படிக்கச் சொல்லி வந்த கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, அது தரும் அறிக்கையைத் தம் பெயரில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட சிலர், தம் கட்டுரைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் 'நல்லபடியாக மட்டும் எழுது' என்று அந்த இயந்திரத்துக்குக் கட்டளை ஒளித்துவைத்தது 2025இல் வெளிச்சத்துக்கு வந்தது. எழுதியவரும் ஏமாற்ற, படிக்க வேண்டியவரும் படிக்காமல் போக, இடையில் அறிவு எங்கே நிற்கும்? எழுத்துப்பிழை பார்க்க, மொழி திருத்த இயந்திரம் உதவட்டும். "எனக்கு இந்த வரி புரியவில்லை" என்று சொல்ல, புரிந்துகொள்ள முயன்ற ஒரு மனிதர் வேண்டும்.

நம் மண்ணிலேயே அப்படி ஒருவர் இருந்தார். 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. பெர்னூலி எண்களைப் பற்றியது. அப்போது அவரிடம் பட்டம் இல்லை, வேலையும் இல்லை. ராமச்சந்திர ராவ் என்ற புரவலர் மாதாமாதம் கொடுத்த பணத்தில் சென்னையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இதழாசிரியர் பெங்களூரில் இருந்த எம்.டி. நாராயண அய்யங்கார். ராமானுஜன் எழுதும் விதம் அவருக்கே கடினமாக இருந்தது. படிகளைத் தாண்டித் தாண்டிப் போவார். சாதாரண வாசகர் பின்தொடர முடியாது. தூக்கிப் போட்டிருக்கலாம். பட்டமில்லாத ஓர் இளைஞனின் புரியாத எழுத்தைத் திருப்பி அனுப்பியதற்காக எந்த இதழாசிரியரையும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தூக்கிப் போடவில்லை. இங்கே தெளிவில்லை, அங்கே விளக்கம் போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பினார், திருத்தி வந்தது, மறுபடி அனுப்பினார். சென்னைக்கும் பெங்களூருக்குமாகக் கையெழுத்துப் பிரதி தபாலில் பல முறை போய் வந்த பிறகுதான் கட்டுரை அச்சேறியது. அது கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போவதற்கு முன்பு. ஹார்டியை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். நாராயண அய்யங்காரின் பெயர் நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த உழைப்பின் அளவையும் சொல்கிறேன். உலகெங்கும் மதிப்பாய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் மட்டும் 10 கோடி மணி நேரத்துக்கு மேல் இதற்காகச் செலவிட்டார்கள் என்று ஒரு கணக்கீடு உண்டு. அதில் பெரும்பகுதி இலவசம். பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் அந்த இதழ்களை நம் நூலகங்களுக்கே விலைக்கு விற்கின்றன. இது நியாயமில்லை. அதை மாற்ற நாளாகும். அதுவரை, ஆசிரியர்களின் பணி மதிப்பீட்டில், எத்தனை எழுதினார் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை பேருடைய எழுத்தைப் படித்துக் கொடுத்தார் என்ற கட்டத்தையும் பல்கலைக்கழகங்கள் சேர்க்கலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.

கைடாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பாய்வு செய்யச் சொல்லி உங்களுக்குக் கட்டுரை வந்தால், இதழாசிரியரிடம் சொல்லிவிட்டு, உங்கள் மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். அறிக்கையின் முதல் பிரதியை அவரை எழுதச் சொல்லுங்கள். கடுமையாக எழுதினால் ஏன் என்று கேளுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினாலும் ஏன் என்று கேளுங்கள். யாரும் நமக்கு இதை வகுப்பில் சொல்லித் தருவதில்லை. அடுத்தவர் கட்டுரையை ஒரு தடவை அப்படிப் படித்த மாணவர், தம் சொந்தக் கட்டுரையை அதற்கு முன் எழுதியதுபோல் எழுத மாட்டார்.

நேரமில்லாதவர்களும் இருப்பீர்கள். வேலைப்பளு எனக்கும் தெரியும். முடியாது என்றால் முடியாது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள், உங்களுக்குப் பதிலாகப் படிக்கத் தகுந்த ஒருவர் பெயரையும் சேர்த்து. பதில் போடாமல் வைத்திருக்கும் அந்த ஒரு மின்னஞ்சலுக்காக, எங்கோ ஒரு விடுதி அறையில் ஒரு மாணவரின் வாரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.